ஓய்வுநாளில் யாருக்கு லீவு?

எங்கள் பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு ‘ஓய்வுநாள் பள்ளி’ என்று பெயர். எட்டு வயதில் அங்கேதான் பத்துக் கட்டளைகளையும் மனப்பாடம் செய்தேன். ஓய்வுநாளைப் பற்றிய நான்காவது கட்டளை வந்தால் மட்டும் மூச்சு வாங்கும். அவ்வளவு நீளம். “நீயானாலும், உன் குமாரனானாலும், உன் குமாரத்தியானாலும், உன் வேலைக்காரனானாலும், உன் வேலைக்காரியானாலும், உன் மிருகஜீவனானாலும், உன் வாசல்களில் இருக்கிற அந்நியனானாலும்” யாதொரு வேலையும் செய்யவேண்டாம்.

மாடு வரைக்கும் இடம் பிடித்த இந்தப் பட்டியலில் மனைவி இல்லை. இது என் கண்ணில் பட ஐம்பது வயது ஆனது. அதையும் நானாகப் பார்க்கவில்லை. வீட்டில்தான் சொன்னாள்: “எல்லாருக்கும் லீவு விட்டிருக்கு. யாருக்கு விடலைன்னு பாருங்க.”

‘நீ’ என்பதில் மனைவியும் அடக்கம் என்று வேதம் படித்தவர்கள் விளக்கம் சொல்வார்கள். இருக்கட்டும். எங்கள் வீட்டு அடுப்படியில் அப்படி அடங்கவில்லை.

சாத்தான்குளம் பக்கம் எங்கள் ஊர். ஞாயிறு என்றால் ஆட்டுக்கறி. அம்மா விடியுமுன் எழுந்து மசாலாவை அம்மியில் அரைத்து வழித்து வைத்துவிட்டு, முதல் மணி அடிப்பதற்குள் எங்களைக் குளிப்பாட்டி, இரண்டாம் மணிக்குக் கோயிலில் இருப்பாள். கடைசி ஆசீர்வாதம் முடிந்து ‘ஆமென்’ சொன்னதுமே பெண்கள் பக்கத்து வாசலில் செருப்புத் தேடும் சத்தம் கேட்கும். ஆண்கள் மரத்தடியில் நின்று பேசுவார்கள். அப்பா வந்து சாய்வு நாற்காலியில் பேப்பர் விரிக்கும்போது குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும்.

ஒரு ஞாயிறு ஐயர் மார்த்தாள், மரியாள் கதையைப் பிரசங்கித்தார். (எங்கள் ஊரில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம்.) மரியாள் இயேசுவின் காலடியில் உட்கார்ந்து நல்ல பங்கைத் தெரிந்துகொண்டாள், மார்த்தாளோ பற்பல வேலைகளில் வருத்தமடைந்தாள் என்று உருக்கமாகப் பேசினார். அன்று மதியம் அவருக்கு எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. இரண்டு தடவை குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அம்மா சாப்பிட உட்கார்ந்தபோது மணி மூன்று.

இதை நான் ஏதோ நியாயவான் போலச் சொல்லவில்லை. கல்யாணமாகி இருபது வருடம் அதே சாய்வு நாற்காலியில் நானும் உட்கார்ந்திருந்தேன். நாற்காலி மட்டும் பிளாஸ்டிக்குக்கு மாறியிருந்தது.

வருடத்தில் ஒரே ஒரு நாள் எங்கள் ஊரில் இது தலைகீழாகும். அதற்குப் பெயர் அசனம். வெளியூர் நண்பர்கள் “ஆசனமா, யோகாவா?” என்று கேட்பார்கள். இல்லை, சாப்பாடு. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துச் சபைகளில் பண்டிகையை ஒட்டி ஊரே ஓரிடத்தில் உட்கார்ந்து சாப்பிடுவது. ஒருவர் ஆடு கொடுப்பார், ஒருவர் அரிசி மூட்டை, இன்னொருவர் தேங்காய். எதுவும் இல்லாதவர் விறகு பிளந்து கொடுப்பார். முந்தின நாள் இரவே தவசிப்பிள்ளை, அதாவது தலைமைச் சமையல்காரர், வந்துவிடுவார். அவருக்குக் கீழே வேலை பார்ப்பதெல்லாம் ஊர் ஆண்கள்தான். வீட்டில் ஒரு தம்ளர் தண்ணீர் மோந்து குடிக்காத ஆட்கள், விடிய விடியச் சின்ன வெங்காயம் உரித்துக் கண்ணைக் கசக்கிக்கொண்டு இருப்பார்கள். சோற்றை வடித்துப் பாயில் மலைபோலக் கொட்டி, ஆவி அடங்கும்வரை வெள்ளைத் துணி போட்டு மூடுவார்கள். அந்த ஆவியில் ஓலைப்பாய் வாசமும் சேர்ந்து வரும். சோறும் கறிக்குழம்பும் ரசமும்தான். இருந்தாலும் அந்தக் குழம்பு எந்த வீட்டிலும் வராது.

அன்றைக்கு அம்மா நல்ல சேலை கட்டி, தலையில் பூ இல்லாத எங்கள் வழக்கப்படி கொண்டையை மட்டும் அழுத்தி முடிந்து, சித்திமாரோடு பந்தியில் உட்கார்ந்திருப்பாள். அப்பா வாளியோடு வந்து குனிந்து பரிமாறுவார். “போதும்” என்று அம்மா கையை மறிப்பாள். அவர் விடாமல் இன்னொரு கரண்டி ஊற்றுவார். அவர்களுக்குள் இருந்த அன்பை நான் வெளிப்படையாகப் பார்த்தது அந்தப் பந்திகளில்தான். பக்கத்து ஊர் இந்துக் குடும்பங்களும் வருவார்கள். படுத்த படுக்கையாய் இருப்பவர்களுக்குத் தூக்குவாளியில் போகும்.

இப்படி ஒன்றாக உட்கார்வது எங்களுக்குச் சும்மா வந்துவிடவில்லை. பக்கத்தில் இருக்கும் முதலூர் 1799இல் உருவானது. கிறிஸ்தவரானதால் சொந்த ஊரில் நிம்மதியாக வாழ முடியாமல் போனவர்களுக்காக நிலம் வாங்கிக் குடியமர்த்திய முதல் ஊர், அதனால் அந்தப் பெயர். (இப்போது மஸ்கோத் அல்வாவைச் சொன்னால்தான் ஊரைத் தெரிகிறது.) சேர்ந்திருக்காவிட்டால் அன்று பிழைத்தே இருக்க முடியாது.

அதே மண்ணில் வடக்கன்குளமும் இருக்கிறது. அங்கே 1872இல் கட்டிய கத்தோலிக்கக் கோயில், கால்சட்டையின் இரண்டு கால்கள் மாதிரி இரண்டு நீளக் கூடங்கள். நடுவில் சுவர், இரண்டும் சேருமிடத்தில் ஒரே பீடம். ஒரு சாதி இந்தப் பக்கம், மற்றவர்கள் அந்தப் பக்கம். 1910இல் பாதிரியார் சுவரை இடித்தார். சுவர் வேண்டும் என்று கேட்டவர்கள் சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். நற்கருணையில் ‘ஒரே அப்பத்தில் பங்குபெறுகிறோம்’ என்று சொல்லிக்கொண்டே சுவருக்காக வழக்காடியிருக்கிறோம். நாங்கள் சி.எஸ்.ஐ. என்ற புராட்டஸ்டன்ட் சபை, எங்களிடம் அது இல்லை என்று மார்தட்டவும் முடியாது. கல்யாணப் பேச்சு வரும்போது எங்கள் சுவர் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

ஆதிச் சபைகளில் ஒன்றான கொரிந்து சபைக்கு அப்போஸ்தலன் பவுல் எழுதியதும் இதே சாப்பாட்டுப் பிரச்சினைதான். ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான் (குடிவெறிதான்), இதற்குக் கர்த்தருடைய பந்தி என்று பெயரா என்று திட்டுகிறார். வசதியுள்ளவர்கள் முன்கூட்டியே சாப்பிட்டு முடித்திருக்கிறார்கள். வேலை முடிந்து தாமதமாக வந்தவனுக்கு என்ன மிஞ்சியிருக்கும்?

ஓய்வு தனியாக எடுக்கிற விஷயமே இல்லை என்று எனக்குப் புரிந்தது கடற்கரை நண்பர் ஒருவரால். எங்கள் கடற்கரைக் கத்தோலிக்க ஊர்களில் ஞாயிறு கடலுக்குப் போவதில்லை. “ஒரு வள்ளம் போனாலும் போச்சு சார். அவன் மீனோட வந்து நின்னா அடுத்த வாரம் நானும் போகணும். எல்லாரும் நின்னாத்தான் எல்லாருக்கும் நிற்கும்” என்றார். அலுவலகத்தில் ஞாயிறு இரவு மெயில் அனுப்பும் அதிகாரியை நினைத்துக்கொண்டேன். அவர் போடுவது ஒரு வரிதான். பத்துப் பேர் வீட்டில் லேப்டாப் திறக்கும்.

பைபிளில் உபாகமம் என்ற புத்தகத்தில் இந்த ஓய்வுநாள் கட்டளை திரும்ப வருகிறது. அங்கே கூடுதலாக ஒரு காரணம் இருக்கிறது: உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போல இளைப்பாற வேண்டும், நீயும் எகிப்தில் அடிமையாக இருந்தவன். ‘உன்னைப்போல’ என்ற அந்தச் சொல் போதும். பிறனிடத்தில் அன்புகூருவதற்கும் அதே அளவுகோல்தான்.

சென்னைக்கு வந்த பிறகு ஒரு சுலபமான வழி கண்டுபிடித்தேன். ஞாயிறு சமைக்க வேண்டாம், ஆர்டர் போட்டுவிடலாம். சில மாதம் ஓடியது. ஒரு சித்திரை வெயிலில் பிரியாணியோடு மூன்று மாடி ஏறி வந்த பையன் “தண்ணி கிடைக்குமா சார்” என்றான். சொம்பை வாங்கி அண்ணாந்து குடித்துவிட்டு அடுத்த ஆர்டருக்கு ஓடினான். உன் வாசல்களில் இருக்கிற அந்நியன்! எட்டு வயதில் மனப்பாடம் செய்தவனுக்கு உறைத்தது. என் வீட்டுக்காரிக்கு லீவு கொடுக்க இன்னொரு வீட்டுப் பிள்ளையை ஓட வைத்திருக்கிறேன். அந்தப் பையனுக்கு அன்றைய வரும்படி தேவை என்பதும் தெரியும். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

எங்கள் சபையில் இப்போது மாதத்தின் முதல் ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு ஆண்களே சமைக்கிறோம். சனி மாலையே காய் வெட்டியாகிவிடும். சோறு, சாம்பார், ஒரு பொரியல், அவ்வளவுதான். கறி போட்டால் செலவு கூடும், அப்புறம் யார் எவ்வளவு கொடுத்தார் என்ற பேச்சு வரும். முதல் பந்தியில் பெண்களும், எல்லா ஞாயிறும் மணியடித்து பெஞ்சு துடைக்கும் கோவில்குட்டியாரும், வாட்ச்மேனும் உட்கார வேண்டும் என்பது மட்டும் கண்டிப்பு. முதல் மாதம் சாம்பார் அடிப்பிடித்தது. ரசத்தில் இரண்டு பேர் உப்புப் போட்டிருந்தோம்.

பெண்களுக்கும் சும்மா உட்காரத் தெரியவில்லை. முதல் இரண்டு மாதமும் என் மனைவி நாலு தடவை எழுந்து வந்து அடுப்பை எட்டிப் பார்த்தாள். மூன்றாவது மாதம் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு, கொயரில் பாடும் ஓர் அக்காவோடு பேசிக்கொண்டிருந்தவள் அப்படியே தூங்கிப்போனாள். பந்திக்குக் கூப்பிடப் போனேன். அந்த அக்கா உதட்டில் விரல் வைத்து, அப்புறம் வாங்க என்று கையைக் காட்டினார். திரும்பி வந்து அவளுக்குரியதை ஒரு தட்டில் எடுத்து மூடி வைத்தேன்.