வசதிகள் சேர்த்தால் விளையாட்டு நீர்த்துப்போகுமா?

மாற்றுத்திறனாளிகளுக்கான வசதிகளைச் சேர்ப்பதால் வீடியோ கேம்களின் சவால் நீர்த்துப்போகிறது என்ற கருத்து, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலுள்ள சாட்ஸ்வொர்த் பகுதித் தமிழ் இளைஞர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் உலவுகிறது. இது தவறு. தாவித் தாவி மலையேறும், 2018இல் வெளிவந்த 'செலெஸ்ட்' விளையாட்டில் உதவி முறையை இயக்கினால் விளையாட்டின் வேகத்தைப் படிப்படியாகப் பாதியாகக் குறைக்கலாம்; இயக்காதவருக்கோ ஒவ்வொரு தாவலும் முன்போலவே கடினம். 2020இல் 60க்கும் மேற்பட்ட அணுகல் வசதிகளுடன் வந்த 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2' விளையாட்டில், அதே ஆண்டு ஆகஸ்டில் இன்னும் கடினமான நிலையொன்று சேர்க்கப்பட்டது. வசன எழுத்தைப் பெரிதாக்குவது எதிரியின் வலிமையைக் குறைப்பதில்லை. கைநடுக்கமுள்ள என் தம்பி, பொத்தான்களைத் தனக்கேற்ப இடம் மாற்றிக்கொண்ட பின்னரும் ஒரே எதிரியிடம் இரவு முழுவதும் தோற்றான். இம்முறை தன்னை வென்றது பொத்தான்கள் அல்ல, அந்த எதிரிதான் என்பதில் அவனுக்கு அத்தனை மகிழ்ச்சி.