மன்னிப்பு அந்த அக்கா கொடுப்பது, ஊர் பிடுங்கித் தருவதல்ல

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் நடந்ததை இந்நேரம் எல்லாரும் வீடியோவில் பார்த்திருப்பீர்கள். புருஷனை இழந்த அந்த அக்காவின், நகக்கண்ணில் நடவுச் சேறு போகாத கையை நாலு பெரியவர்கள் பிடித்து, அவள் குடும்பத்து நிலத்தை எடுத்துக்கொண்ட கொழுந்தனார் கையில் வைத்து, "மன்னிச்சிட்டேன்னு சொல்லும்மா, நாம கிறிஸ்தவங்க" என்கிறார்கள். அந்த மனிதர் தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்குக் கைதட்டல் வேறு.

மன்னிப்பு அவள் கொடுப்பது. அடுத்தவர் வாங்கித் தருவது அல்ல.

கணக்கைப் பாருங்கள். வாரிசுச் சான்றில் செத்துப்போன அண்ணன் குடும்பத்தையே விட்டுவிட்டு, அண்ணன் பங்கான 3 மா நிலத்தைத் தன் பேருக்குப் பட்டா மாற்றிக்கொண்டார். 3 மா என்றால் ஒரு ஏக்கர். நமக்குப் பொருந்தும் 1925-ஆம் வருட இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மூன்றில் ஒரு பங்கு மனைவிக்கு, மீதி பிள்ளைகளுக்கு. அதாவது அவளுக்கு 1 மா, பிள்ளைகளுக்கு 2 மா. தன்னுடையதை வேண்டுமானால் அவள் விடட்டும். பிள்ளைகளுடையதை எந்த அன்பின் பேரில் விடச் சொல்கிறீர்கள்?

"எழுபது தடவை ஏழு தடவை மன்னி என்று ஆண்டவர் சொல்லலையா?" சொன்னார், மத்தேயு 18:22-ல். அதே அதிகாரத்தில் 15-ஆம் வசனத்திலிருந்து படியுங்கள். தப்பு செய்தவனிடம் முதலில் தனியாகப் போய்ச் சொல், கேட்காவிட்டால் ஒன்றிரண்டு பேரைக் கூட்டிப்போ, அதற்கும் கேட்காவிட்டால் திருச்சபையிடம் சொல். நாமோ நேராகச் சபையைக் கூட்டி, தப்பு செய்தவரை விட்டுவிட்டு அடிபட்டவளை நிறுத்தினோம். அதே அதிகாரத்தில் அடுத்து வரும் உவமையில் 10,000 தாலந்து கடன்பட்டவன்கூட, "பொறுத்துக்கொள்ளும், எல்லாவற்றையும் திருப்பித் தருகிறேன்" என்று காலில் விழுந்தான். இங்கே அதுவும் இல்லை.

ஒரே குற்றத்தைத்தான் எழுபது தடவை மன்னிக்க வேண்டியிருக்கும். அந்த வரப்பைத் தாண்டும்போதெல்லாம் காயம் திறக்கும். பழிவாங்க மாட்டேன் என்று அவள் மறுபடி முடிவெடுக்க வேண்டும், சபிக்காமல் அவருக்காக ஒரு செபம் சொல்ல வேண்டும். இதற்கு வருஷக்கணக்கில் ஆகும். வாசலில் ஒரு நிமிஷத்தில் முடிகிற காரியமா?

புதுநன்மைக்கு, அதாவது முதன்முதலாக நற்கருணை வாங்குவதற்கு, முன்னால் பிள்ளைகளுக்கு என்ன சொல்லித்தருகிறோம்? பாவத்தை நினைத்துப் பார், மனம் வருந்து, இனிச் செய்யேன் என்று உறுதி எடு, குருவிடம் சொல், பரிகாரம் செய். எடுத்ததைத் திருப்பித் தராமல் பரிகாரம் ஆகாது. பைபிளில் வரி வசூலித்த சக்கேயு, ஏமாற்றி வாங்கியதற்கு நாலு மடங்கு தருகிறேன் என்றான். இதெல்லாம் ஆம்பளைகளுக்கு இல்லையா?

"கேஸ் போட்டால் அப்புறம் அன்பு எங்கே" என்பவர்களுக்கு: 1999 ஜனவரியில் ஒரிசாவின் மனோகர்பூரில் ஆஸ்திரேலிய மிஷனரி கிரகாம் ஸ்டெயின்ஸையும் அவருடைய இரண்டு மகன்களையும் ஜீப்போடு எரித்தார்கள். அவர் மனைவி கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் மன்னித்தேன் என்றார். வழக்கும் நடந்தது, தண்டனையும் வந்தது. போப்பாண்டவர் இரண்டாம் யோவான் பவுல் 1983-இல் சிறைக்கே போய்த் தன்னைச் சுட்டவனைச் சந்தித்தார். அவன் அதற்குப் பிறகும் 2000 வரை இத்தாலியச் சிறையில்தான் இருந்தான். மன்னிப்பு வேறு, நியாயம் வேறு. இரண்டையும் குழப்புவது நாம்தான்.

"சமாதானம் பண்ணத்தானே பார்த்தாங்க" என்பதற்கு என்னிடம் பொறுமை இல்லை. தண்ணி அடித்துவிட்டு அடிக்கிற புருஷனா, நகையை அடகு வைத்த மாமனாரா, எதுவானாலும் மன்னிக்கச் சொல்லி முழங்காலில் நிறுத்துவது பெண்களைத்தான். எத்தனை வருஷமாக இதைப் பார்த்துக்கொண்டிருப்பது?

கொழுந்தனார் செய்ய வேண்டியது தெளிவாக இருக்கிறது. பீடத்தில் காணிக்கை வைக்குமுன் போய்ச் சமாதானமாகு என்பது மத்தேயு 5:24. போக வேண்டியவர் அவர். கூட்டமில்லாமல் அவள் வீட்டுக்குப் போய், செய்ததைப் பேர் சொல்லிச் சொல்லட்டும். விடுபட்ட பேர்களைச் சேர்த்து வாரிசுச் சான்றைத் திருத்தி, சார்பதிவாளர் அலுவலகத்தில் உரிமையை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் பதிந்து, தாலுகா ஆபீசில் பட்டா மாற்றித் தரட்டும். அவள் எப்போது மன்னிப்பாள் என்பதை அவளுக்கும் கடவுளுக்கும் விட்டுவிடுங்கள்.

வீடியோவைப் பரப்பியவர்கள் தயவுசெய்து இன்றைக்கே எடுத்துவிடுங்கள். அந்தப் பிள்ளைகள் இரண்டும் நம்ம ஊர்ப் பள்ளிக்கூடத்தில்தான் படிக்குதுங்க.