சார்ஜ் நிற்காத வோட்ச்சும் எங்கள் ஊர் வெயிலும் உப்பும்

வெளிநாட்டில் இருந்து பிள்ளைகள் ஆசையாக வாங்கி அனுப்பிய ஸ்மார்ட் வோட்ச் எத்தனை வீடுகளில் அலுமாரி லாச்சிக்குள் கிடக்கிறது என்று பாருங்கள். ஏன் கட்டுவதில்லை என்று கேட்டால் ஒரே பதில்தான்: "சார்ஜ் நிக்குதில்லை." பெரும்பாலும் அந்த வோட்ச்சில் பிழை இருக்காது. அதை எப்படிப் பாவிப்பது, எங்கே வைத்து சார்ஜ் போடுவது என்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. இணையத்தில் கிடைக்கும் ஆலோசனைகளும் குளிர் நாட்டுக்காரருக்கு எழுதியவை. எங்களுக்கு வெயில் இருக்கிறது, வியர்வை இருக்கிறது, சுண்ணாம்புக் கிணற்றுத் தண்ணீர் இருக்கிறது. இவற்றைச் சேர்த்துப் பேசாமல் பற்றரியைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

முதலில் ஒரு கணக்கு. இப்போதைய போன்களில் 5000 மில்லியம்பியர் மணி அளவான பற்றரி வருகிறது. வோட்ச்சில் 300, பெரிய மொடல் என்றால் 400 சொச்சம். கலக்ஸி வோட்ச் 6இன் பெரியதில் 425, சின்னதில் 300. இந்த 300 ஒரு முழு நாள் தாக்குப்பிடிக்க வேண்டுமென்றால் சராசரியாக 12.5 மில்லியம்பியருக்கு மேல் அது இழுக்கக் கூடாது. ஒரேயொரு மில்லியம்பியர் கூடினாலும் 24 மணித்தியாலத்தில் 24 போய்விடும், அதாவது 8 வீதம். போனில் அதே 24 அரை வீதம்கூட இல்லை. போனில் நாங்கள் கண்டுகொள்ளாத சின்னச் சின்னச் செட்டிங் எல்லாம் வோட்ச்சில் மணிக்கணக்கைத் தின்பது இதனால்தான்.

இது ஒரு நாளைக்கு மட்டும் உரிய கணக்கும் இல்லை. லித்தியம் பற்றரியின் ஆயுள் சார்ஜ் சுற்றில் ஓடுகிறது. 100 வீதம் பாவித்து முடித்தால் ஒரு சுற்று. இன்றைக்கு 50, நாளைக்கு 50 என்றாலும் ஒரு சுற்றுத்தான். அப்பிள் தன்னுடைய வோட்ச் பற்றரியை 1000 முழுச் சுற்றுக்குப் பிறகும் 80 வீதக் கொள்ளளவு மிஞ்சும்படி வடிவமைத்திருப்பதாகச் சொல்கிறது, அதுவும் உகந்த நிலைமையில். ஒவ்வொரு நாளும் ஒரு சுற்று முடித்தால் அந்த 1000 மூன்று வருடத்துக்குள் வந்துவிடும். இரண்டு நாளுக்கு ஒரு சுற்று என்றால் ஐந்து வருடம் தாண்டும். திரையை ஒட்டுப்பசை போட்டு மூடிய வோட்ச்சில் பற்றரி மாற்றுவது போனில் மாற்றுவதுபோல் லேசான வேலை இல்லை. மாற்றினாலும் தண்ணீர் புகாத அந்தப் பழைய மூடல் திரும்பக் கிடைக்கும் என்று நம்ப முடியாது. ஆகவே இருக்கிற பற்றரியைத்தான் காப்பாற்ற வேண்டும்.

எதை முதலில் நிறுத்துவது? திரையை. எந்நேரமும் ஒளிரும் திரை என்று ஒரு வசதி இருக்கிறது. கன மொடல்களில் அது பற்றரி நிற்கும் நேரத்தைப் பாதி அளவுக்குக் குறைத்துவிடும். நேரம் பார்க்கக் கையைத் திருப்பினால் காணும், அது தேவையில்லை. மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் கையைத் திருப்பினால் எரியும் வசதியையும் நிறுத்திவிடுங்கள். ஹாண்டிலைப் பிடித்த கை குழிக்குக் குழி குலுங்கும்போது, நீங்கள் பார்க்காமலே திரை எரிந்து எரிந்து அணையும். பட்டனை அழுத்தினால் மட்டும் எரிய விடுங்கள். எரிந்து நிற்கும் நேரத்தை 15 விநாடியில் இருந்து 5க்கு இறக்குங்கள். அமோலெட் திரை என்றால் கறுப்புப் பின்னணி முகப்பைப் போடுங்கள். அந்தத் திரையில் கறுப்பாக இருக்கும் புள்ளிக்கு மின்சாரமே போவதில்லை. விநாடி முள் ஓடுவது, மழை பெய்வதுபோல் அசைவது எல்லாம் பார்க்க வடிவுதான், ஆனால் அவையும் சார்ஜைத் தின்னும்.

அடுத்தது அறிவிப்பு. பழைய மாணவர் குழு, ஊர்ச் சங்கக் குழு, குடும்ப வைபர், மரண அறிவித்தல் குழு என்று ஒரு நாளைக்கு 200 செய்தி வந்தால், 200 தரம் மோட்டார் அதிர்ந்து 200 தரம் திரை எரியும். போனில் இருக்கும் வோட்ச் செயலிக்குள் போய் அழைப்பையும் வேண்டிய ஒன்றிரண்டையும் மட்டும் விட்டு மற்றதெல்லாம் மூடுங்கள்.

அந்தச் செயலியைப் பற்றி இன்னொன்று. சார்ஜ் மிச்சம் பிடிக்கிறோம் என்று நினைத்துப் போனில் ஓடும் செயலிகளை எல்லாம் தட்டித் தட்டி மூடுகிறவர்கள் கனபேர். வோட்ச் செயலியும் சேர்ந்து செத்துப்போகும். உடனே வோட்ச் போனைத் தேடத் தொடங்கும், இணையும், திரும்ப அறுபடும், திரும்பத் தேடும். சும்மா இணைந்திருக்கும் புளூடூத்துக்கு ஆகும் செலவு கொஞ்சம், தேடலுக்குத்தான் கூட. போனின் பற்றரிக் கட்டுப்பாட்டில் அந்தச் செயலிக்கு மட்டும் கட்டுப்பாடில்லை என்று வைத்துவிடுங்கள். சிம் வசதியுள்ள மொடலை வெளிநாட்டில் இருந்து கொண்டுவந்தவர்கள், இங்கே இணைப்பு எடுக்கவில்லை என்றால் மொபைல் நெட்வேர்க்கை முழுதாக நிறுத்த வேண்டும்.

வோட்ச்சின் முதுகில் பச்சை வெளிச்சம் அடிப்பது இதயத்துடிப்பை அளப்பதற்கு. சிவப்பும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பும் இரத்த ஒட்சிசனுக்கு; இரவு முழுக்க ஒட்சிசன் அளப்பதை, வைத்தியர் சொல்லாவிட்டால் நிறுத்தலாம். துடிப்பையும் தொடர்ந்து அளக்காமல் 10 நிமிடத்துக்கு ஒருக்கா என்று வைக்கலாம். ஆனால் இருதய வருத்தம் உள்ள அப்பா அம்மாவின் கையில் இருக்கும் வோட்ச்சில் இதைச் செய்யாதீர்கள். அப்பிள் வோட்ச்சில் குறைந்த மின் முறையைப் போட்டால், துடிப்பு கூடினால் குறைந்தால் வரும் எச்சரிக்கை நின்றுவிடும். அவர்களுக்கு வோட்ச் கட்டுவதே அதற்காகத்தான். அங்கே சார்ஜைப் பார்க்கக் கூடாது. நடைப்பயிற்சிக்கு ஜிபிஎஸ் போடுவதும் வீண். முற்றவெளி மைதானத்தைச் சுற்றி நடப்பதற்குச் செய்மதி வேண்டாம், உள்ளக நடை என்று தெரிவு செய்தால் காலடி எண்ணப்படும், ஜிபிஎஸ் எரியாது.

செட்டிங் இவ்வளவுதான். பற்றரியை உண்மையில் கொல்வது வெக்கை. வோட்ச்சை 0 முதல் 35 பாகைக்குள் பாவிக்கச் சொல்கிறது அப்பிள். சித்திரை வைகாசியில் எங்களுக்கு நிழலிலேயே 33, 34 வரும், தகரக் கூரைக்குக் கீழே இன்னும் கூட. லித்தியம் பற்றரி ஒன்றை முழுச் சார்ஜில் 25 பாகையில் ஒரு வருடம் வைத்தால் கொள்ளளவு சுமார் 80 வீதத்துக்கு இறங்கும். 40 பாகையில் வைத்தால் சுமார் 65க்கு. வெக்கையும் நிறைந்த சார்ஜும் சேர்வதுதான் கெடுதி. யன்னல் விளிம்பில் வெயில் படும் இடத்திலோ, இரவிரவாகத் தலையணைக்குக் கீழேயோ சார்ஜ் போட்டு வைப்பது அதைத்தான் செய்கிறது. காந்தத்தில் ஒட்டி வயரில்லாமல் ஏறும் வகை இன்னும் சூடாகும். மேசையில், ஃபானுக்குக் கீழே போடுங்கள். 80, 85இல் கழற்றினால் போதும்.

மற்றது உப்பு. வோட்ச் முதுகில் இரண்டு சின்னப் பின்கள் தெரிகிறதா? டோர்ச் அடித்துப் பாருங்கள். மேலே பொன்னிறப் பூச்சு. வியர்வை காய்ந்த உப்பு அதில் இருக்கும்போதே சார்ஜரில் வைத்தால், உப்பு ஈரத்துக்குள்ளால் மின்சாரம் ஓடிப் பூச்சை அரிக்கும். கறுப்பாகும், பிறகு பச்சை பிடிக்கும். கிணற்றுத் தண்ணீர் பட்டுக் காய்ந்தால் கேத்தில் அடியில் படிகிற அதே வெள்ளைப் பொருக்கு இங்கேயும் படியும். சார்ஜ் ஏறுவதாகக் காட்டும், ஆனால் விட்டுவிட்டு ஏறும், சூடாகும். "பற்றரி போச்சு" என்று கடைக்குக் கொண்டு போகிற வோட்ச்சுகளில் இப்படியானவையும் உண்டு. பார்மசியில் வாங்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் பஞ்சுக் குச்சியைத் தோய்த்துத் துடைத்து, மெல்லிய பிரஷ்ஷால் தட்டி, 10 நிமிடம் காயவிட்டுப் போடுங்கள். சார்ஜரின் பின்னையும் துடைக்க வேண்டும். ஊசியால், பிளேட்டால் சுரண்டாதீர்கள். பூச்சு போனால் அரிப்பு இன்னும் கூடும்.

இதனால்தான் சொல்வது, நீங்கள் கிணற்றடியில் நிற்கும் நேரம் வோட்ச் சார்ஜரில் இருக்க வேண்டும். துடைத்துவிட்டுப் போடுங்கள், குளித்து உடுத்தி வருவதற்குள் 30, 40 நிமிடம் ஏறும், பெரும்பாலான நாட்களில் அது காணும். சவர்க்காரத் தண்ணீரில் இருந்து ரப்பர் மூடலும் தப்பும்.

சார்ஜர் தொலைந்தால் கண்டதை ஒட்டாதீர்கள். இரண்டு பின் காந்தச் சார்ஜர்களில் பின் இடைவெளி 2.84 மில்லிமீற்றரும் உண்டு, 4 மில்லிமீற்றரும் உண்டு. காந்தம் ஒட்டினாலும் நேரும் மறையும் மாறியிருக்கலாம். 5 வோல்ட் 1 அம்பியர் அடப்டரே போதும். 2022இல் இலங்கையில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் போன காலத்தில் பவர் பாங்கில் போட்டால் பாதியில் நிற்கிறது என்று கனபேர் அந்தரப்பட்டார்கள். வோட்ச் இழுக்கும் மின்சாரம் சிறிது என்பதால், ஒன்றும் கொழுவவில்லை என்று எண்ணிப் பவர் பாங்க் தானே அணைந்துவிடுகிறது. சிலவற்றில் பட்டனை இரண்டு தரம் அழுத்தினால் சிறு மின்சார முறை வரும். அது இல்லாததில் போனையும் சேர்த்துக் கொழுவுங்கள்.

லாச்சிக்குள் கிடப்பதை இன்றைக்கே எடுங்கள். முதலில் பக்கவாட்டில் பாருங்கள்: திரையோ முதுகோ மயிரிழை அளவு தூக்கியிருந்தால் பற்றரி வீங்கிவிட்டது, அமத்தாதீர்கள், சார்ஜ் போடாதீர்கள், திருத்துகிறவரிடம் கொடுத்துவிடுங்கள். தூக்கவில்லை என்றால் பின்னைத் துடைத்து, அதனுடைய சொந்தச் சார்ஜரில், கட்டிலில் இல்லாமல் கண் படும் இடத்தில் ஒரு மணித்தியாலம் வையுங்கள். வற்றிப்போன பற்றரி முதல் அரை மணித்தியாலம் ஒன்றும் காட்டாமல் கிடக்கலாம், கழற்ற வேண்டாம். உயிர் வந்தும் கட்ட ஆளில்லை என்றால் 50 வீதத்தில் நிறுத்தி அணைத்து வையுங்கள், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருக்கா எடுத்துப் பாருங்கள்.