யார் கையில் கொடுத்தோம்?

தங்கைக்கு சிசேரியன் ஆன மறுநாள் காலை நான்தான் வார்டில் துணைக்கு இருந்தேன். ஒரு அம்மா வந்து, "பாப்பாவுக்கு மஞ்சள் இருக்கு, லைட்ல வைக்கணும், கொடும்மா" என்றார். கொடுத்துவிட்டேன். பெயர் கேட்கவில்லை, எந்த அறை என்றும் கேட்கவில்லை. இருபது நிமிடம் கழித்துத்தான் அடிவயிறு கலங்கியது. முதலில் கீழே வாசலுக்குத்தான் ஓடினேன். காவலாளி வண்டிகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். துணியில் சுற்றிய குழந்தையோடு யார் வெளியே போனாலும் கேட்க ஆளில்லை.

குழந்தை மேலே, விளக்கின் கீழ் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது. எனக்குத்தான் அன்று முழுக்கக் கை நடுங்கியது.

2025 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு குழந்தைக் கடத்தல் வழக்கு ஒன்றில் தீர்ப்பு சொன்னது. மருத்துவமனையிலிருந்து பச்சிளம் குழந்தை கடத்தப்பட்டால், முதல் வேலையாக அந்த மருத்துவமனையின் உரிமத்தை நிறுத்திவைக்க வேண்டும். மற்ற சட்ட நடவடிக்கைகள் அதற்கு மேல். நிலுவையில் உள்ள கடத்தல் வழக்குகளை 6 மாதத்தில் முடிக்கவும் உத்தரவு. படித்தபோது மனசார வரவேற்றேன்.

அதே தீர்ப்பு, பெற்றோரும் மிகவும் விழிப்போடு இருக்க வேண்டும் என்கிறது. அங்கேதான் எனக்கு மனம் ஒப்பவில்லை. தையல் வலியில் திரும்பிப் படுக்கவே முடியாதவள் எப்படி விழிப்போடு இருப்பாள்? உடம்பு தெளிந்து நிற்கிற நானே ஏமாந்திருப்பேனே!

தண்டனைக்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 2015 சிறார் நீதிச் சட்டத்தின் 81வது பிரிவில், குழந்தையை விற்றாலோ வாங்கினாலோ 5 ஆண்டு வரை சிறை. தன் பொறுப்பில் இருக்கும் குழந்தையை மருத்துவமனை ஊழியரே விற்றால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு. ஆனால் இதெல்லாம் குழந்தை போன பிறகு வருவது. இன்னொன்றும் உறுத்துகிறது. அரசு மருத்துவமனையில் இப்படி நடந்து பிரசவ வார்டை மூடினால், அந்த ஊர் ஏழைப் பெண்கள் எங்கே போவார்கள்?

அதனால் சட்டம் வார்டுக்குள் வரவேண்டும் என்கிறேன். பிரசவ அறையை விட்டு வெளியே வருவதற்குள் தாய்க்கும் பிள்ளைக்கும் ஒரே எண்ணில் டேக் கட்ட வேண்டும். குழந்தையை வாங்கிப் போகிறவர் படம் போட்ட அட்டையைக் காட்டி, நோட்டில் நேரம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஊசி போடவோ லைட்டில் வைக்கவோ தூக்கினால் வீட்டாள் ஒருவர் கூடவே போகலாம் என்பது உரிமையாக இருக்க வேண்டும். நர்ஸின் மனநிலையைப் பொறுத்ததாக இருக்கக் கூடாது. வாசலில் டிஸ்சார்ஜ் சீட்டையும் டேக்கையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே வெளியே விட வேண்டும். சில இடங்களில் இதெல்லாம் செய்கிறார்கள். செய்யாத இடத்தை யாரும் கேட்பதில்லை. குழந்தை காணாமல் போகும் வரை காத்திராமல் அவர்களுக்கு அபராதம் விழ வேண்டும்.

எங்களை டிஸ்சார்ஜ் செய்த அன்று பில் கட்டிய ரசீதைத்தான் வாசலில் கேட்டார்கள். குழந்தை யாருடையது என்று கேட்கவில்லை. உங்கள் ஊரில் எப்படி? சமீபத்தில் பிரசவம் பார்த்தவர்கள் கமெண்டில் எழுதுங்கள். திரட்டி, எங்கள் மாவட்ட ஆட்சியரின் குறைதீர் நாளில் மனுவாகக் கொடுக்கப் போகிறேன்.