கேட்டிருக்கலாம், தம்பி

வியாழக்கிழமைப் பதிவைப் பார்த்தவர்களுக்குக் கதை தெரியும். திரும்பவும் முழுக்க எழுதப் பொறுமையில்லை. நாலு நாளாகியும் கோபம் ஆறவில்லை, அதனால்தான் இது.

கீபோர்ட்டில் நாலைந்து எழுத்து விழவில்லை என்று கடைக்குப் போன லெப்டொப். கீபோர்ட்டை மாற்றி 6,500 ரூபா வாங்கினார்கள், நியாயமான காசு. அதோடு நான் கேட்காத ஒரு வேலையையும் இலவசமாகச் செய்து தந்தார்கள். உள்ளே விண்டோஸுக்குப் பதிலாக நான் போட்டிருந்த லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை அடியோடு அழித்துவிட்டு விண்டோஸ் 10 போட்டிருந்தார்கள். கடைத் தம்பி சொன்ன விளக்கம் இது: "டீச்சர், உள்ளுக்க ஏதோ வைரஸ் மாதிரிக் கிடந்திச்சு. பச்சைக் கலர்ல ஒரு படம் வந்து, மறுகா எல்லாம் தமிழ்ல வருது. நான் கிளீன் பண்ணிட்டன்."

எல்லாம் தமிழில் வருகிறது, ஆகவே வைரஸ். மட்டக்களப்பு டவுனுக்குள் ஒரு தமிழ்ப் பிள்ளை தமிழ் எழுத்தைக் கண்டு பயந்த கதையை நான் எங்கே போய்ச் சொல்ல? (அந்தத் தமிழும் பாதிதான். மொழிபெயர்க்கிறவர்கள் சம்பளமில்லாமல் ஓய்வு நேரத்தில் செய்கிறவர்கள். ஒரு மெனு தமிழிலும் அடுத்தது இங்கிலிசிலும் இருக்கும். எனக்கு அதுவே பெரிய காரியம்.)

நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான். கேட்டிருக்கலாம். லெப்டொப்பின் மேல்மூடியில் மஞ்சள் காகிதம் ஒட்டி, என் பெயர், என் நம்பர், அதற்குக் கீழே "கீபோர்ட் மட்டும்" என்று எழுதி, "மட்டும்" என்ற சொல்லுக்கு இரண்டு கோடும் போட்டு அனுப்பியிருந்தேன். அந்தக் காகிதம் ஒட்டியபடியே திரும்பி வந்தது.

தெரியாதது பிழையில்லை. லினக்ஸ் போட்ட ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி விண்டோஸ் மெசினில் கொழுவினால், அதற்கு அதை வாசிக்கத் தெரியாது. போர்மட் பண்ணட்டுமா என்று பல நேரம் அதுவே பெட்டி போட்டுக் கேட்கும். விஷயம் தெரியாதவர் டிஸ்க் பழுது என்றுதான் நினைப்பார். இரண்டு வருடத்துக்கு முன்பு நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன். ஆனால் பாருங்கள், அழிக்க முன்பு அந்த மெசினே ஒரு தரம் கேட்கிறது. மனிசருக்கு அது தோன்றவில்லை.

நான் ஏன் இதற்குள் போனேன் என்று புதிதாக வந்தவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். விண்டோஸ் 10க்கு 2025 ஒக்டோபர் 14உடன் வழமையான பாதுகாப்பு அப்டேட் முடிந்தது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேணும், இன்டெல் புரோசசர் என்றால் எட்டாம் தலைமுறையாவது வேணும். என்னுடையது ஆறாம் தலைமுறை. புலமைப்பரிசில் பிள்ளைகளுக்கு வீட்டு விறாந்தையில் டியூசன் கொடுக்கிறவள் ஒரு திகதி முடிந்துவிட்டது என்பதற்காகப் புது லெப்டொப் வாங்க முடியுமா? வந்தாறுமூலைக் கம்பஸில் படிக்கிற என் தம்பியின் மகன் ஒரு பென் டிரைவோடு வந்தான். "மாமி, இதிலேயே ஓடும், ஒன்றும் அழியாது, பிடித்தால் மட்டும் போடுவம்" என்றான். இரண்டு நாள் பென் டிரைவிலேயே ஓட்டிப் பார்த்தேன். மெதுவாகத்தான் ஓடியது, ஆனால் ஓடியது. அவன் கேட்டான் பாருங்கள். பத்தொன்பது வயதுப் பெடியனுக்கு அது தெரிந்திருக்கிறது.

சுகமாக இருந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். போட்ட அன்றே வைஃபை இல்லை. போனைக் கேபிளில் கொழுவி, அதன் டேட்டாவில் வைஃபையை ஓட வைக்கிற டிரைவர் மென்பொருளை இறக்கித்தான் சரிப்படுத்தினோம். மறுகா பாமினிப் பிரச்சினை. பாமினி என்பது இங்கிலிசு எழுத்துகளின் இடத்தில் தமிழைக் காட்டுகிற பழைய எழுத்துரு, அது இல்லாத மெசினில் வெறும் இங்கிலிசுதான் தெரியும். பத்து வருடத்து மாதிரி வினாத்தாள் முழுக்க பாமினியில் அடித்தது. திறந்தால் "அம்மா" இருக்க வேண்டிய இடத்தில் எம், கே, ஒரு அரைப்புள்ளி, திரும்பக் கே, எச் என்று நிற்கிறது. என் பத்து வருட உழைப்பு போய்விட்டது என்று அழாத குறை. மருமகன் சிரித்துக்கொண்டே பாமினி எழுத்துரு பைலை எங்கிருந்தோ கொப்பி பண்ணிப் போட்டான். மூடித் திறந்தேன், அம்மா வந்து நின்றாள். புதிதாக அடிப்பதற்கு ரெங்கநாதன் என்ற தமிழ் விசைப்பலகை அமைப்பையும் சேர்த்துத் தந்தான். வேர்டுக்குப் பதிலான லிப்ரே ஒபிஸில் பழைய அட்டவணைகள் கொஞ்சம் கோணும், விடை எழுதும் புள்ளிக்கோடு அடுத்த பக்கத்துக்கு ஓடும். வீட்டு பிரிண்டர் இன்றைக்கு வரைக்கும் அசையவில்லை. பிடிஎப் ஆக்கிக்கொண்டு பிரிண்ட் எடுக்கிற கொமினிகேஷன் கடைக்குத்தான் போகிறேன்.

இதையெல்லாம் ஒரு பைலில் எழுதி வைத்திருந்தேன். பெயர் "மறந்திடாதே". 47 குறிப்பு. பைல் பெயரில் இங்கிலிசுப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு, ஒன்றைத் திருத்திவிட்டு மற்றதை பிரிண்ட் எடுக்காதே. கொப்பி முடிந்தது என்று காட்டினாலும் முடிந்திராது, பென் டிரைவை வெளியேற்றச் சொல்லிவிட்டுக் கழற்று. இப்படி. ஒவ்வொரு வரியும் ஒரு இரவு முழித்தது. அதுதான் போனது.

"பெக்கப் எடுக்காதது உங்கட பிழைதானே" என்று எழுதக் காத்திருப்பவர்களே, வாருங்கள். வினாத்தாள் எல்லாம் பத்திரம், இரண்டு இடத்தில் இருக்கிறது. அந்த ஒரு பைல்தான் இல்லை. மின்ட்டில் இருக்கிற டைம்ஷிப்ட் என்ற பெக்கப் மென்பொருள் ஓடியதே என்றால், அது சிஸ்டத்தைத்தான் காப்பாற்றும், நம்முடைய பைல்களை அதுவாக எடுக்காது. அதோடு அதே டிஸ்க்கில் இருந்ததால் அதுவும் சேர்ந்தே போனது. சரி, என் பிழை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் கதவைப் பூட்டாமல் போனால் உள்ளே வந்து என் அலுமாரியை எரிக்கலாமா?

மின்ட் எல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கு, ஆர்ச் என்ற கஷ்டமான லினக்ஸைப் பழகுங்கள் என்பவர்களுக்கு: நன்றி ராசா, முதலில் என் பிரிண்டரை ஓட வைத்துத் தாருங்கள்.

"சும்மா விண்டோஸ் கிடைத்தது லாபம்தானே?" என்றும் ஒருவர் கேட்டார். அது களவு விண்டோஸ். அதை ஆக்டிவேட் பண்ண வைரஸ் கார்ட்டை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அதுவும் காலம் முடிந்த விண்டோஸ் 10. இல்லாத வைரஸைக் கலைத்துவிட்டு, இருக்கிற வைரஸ் எல்லாம் வரக் கதவைத் திறந்து தந்திருக்கிறார்கள்.

கடையின் பெயரை இன்பொக்ஸில் கேட்க வேண்டாம். சொல்ல மாட்டேன். அந்தப் பெடியன் கெட்டவன் இல்லை, புதுக் கீபோர்ட்டில் ஒரு எழுத்தும் இறுக்கமில்லை. அதில்தான் இதை அடிக்கிறேன்.

சரி, வியாழக்கிழமை நான் எழுதாத ஒன்று இருக்கிறது. கடையில் இருந்து கோல் எடுத்திருக்கிறார்கள். எனக்கில்லை, இவருக்கு. பைக்கில் கொண்டுபோய்க் கொடுத்தவர் இவர்தானே. "சேர், இதுக்குள்ள வேற என்னமோ கிடக்கு, அழிச்சிட்டு விண்டோஸ் போடவா?" "ஓம் தம்பி, போடுங்க." போனில் பார்த்தேன், 31 செக்கன். மறுகா நான் பாயைப் போட்டுப் படுத்துக்கொண்டு அழுதபோது, "நீ தானே அது சரியில்ல, இது சரியில்ல எண்டு ஒவ்வொரு நாளும் புறுபுறுத்தாய்? உனக்கு லேசா இருக்கும் எண்டு நினைச்சன்" என்றார். புறுபுறுத்தேன்தான். பிள்ளையைப் பற்றியும்தான் புறுபுறுக்கிறேன், அதற்காகப் பிள்ளையை மாற்றிக்கொண்டு வருவீர்களா?

2012இல் இந்த வீடு கட்டும்போது மகளுக்குக் காய்ச்சல் என்று மூன்று நாள் ஆஸ்பத்திரியில் நின்றேன். திரும்பி வந்தால், முருங்கைப் பக்கம் வரவேண்டிய குசினி யன்னல் பக்கத்து வீட்டு மதிலைப் பார்த்து நிற்கிறது. மேசன் சொன்னார், "சேரிட்டக் கேட்டுத்தான் வைச்சனான்." இந்த வீட்டில் சமைக்கிறவள் நான். பதின்மூன்று வருடத்துக்கு மேலாகப் பட்டப்பகலில் லைட் போட்டுத்தான் மீன் வெட்டுகிறேன். யன்னல் விஷயத்தில் எனக்கு ராசியில்லை போலும்.

குடும்ப விஷயத்தை இங்கே ஏன் எழுதுகிறாய் என்று அக்கா கோல் எடுப்பாள். எடுக்கட்டும். அவளாவது என் நம்பருக்கு எடுக்கிறாள்.

நேற்றிரவு அதே பென் டிரைவில் இருந்து நானே திரும்பப் போட்டேன். மருமகன் போனில் மட்டும்தான் இருந்தான், அதுவும் பாதியில் கரண்ட் போய் அவன் வைஃபை விழுந்துவிட்டது. வட்டை அழிக்கவா என்று கேட்ட இடத்தில் இரண்டு தரம் வாசித்துவிட்டு நானே அழுத்தினேன். இவர் பக்கத்தில் பிளேன்டீயோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு நாளாக மனிசன் சீனி எவ்வளவு போடவேணும் என்பதைக் கூட என்னிடம் கேட்டுத்தான் போடுகிறார்.

புது "மறந்திடாதே"யில் மூன்று குறிப்பு ஏறியிருக்கிறது. முதலாவது, கடைக்கு நானே போவது. பழைய லேசர் பிரிண்டரை மின்ட்டில் ஓட்டத் தெரிந்தவர்கள் கல்லடி, ஆரையம்பதிப் பக்கம் யாராவது இருந்தால் இன்பொக்ஸுக்கு வாருங்கள். மொடல் நம்பர் அனுப்புகிறேன்.