ஏசாயா 40:22-இல் ‘உருண்டை’ என்ற சொல் பற்றி

பூமி உருண்டை வடிவம் என்று வேதாகமத்தின் ஏசாயா புத்தகம் 40:22 (40-ஆம் அதிகாரம், 22-ஆம் வசனம்) அறிவியலுக்கு முன்பே சொல்லிவிட்டது என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். தமிழில் படிப்பவருக்கு அப்படித் தோன்றுவது இயல்புதான். நம் சபைகளில் வாசிக்கும் பழைய திருப்புதலில், அதாவது பழைய தமிழ் மொழிபெயர்ப்பில், ‘பூமி உருண்டை’ என்றே இருக்கிறது. நானும் சின்ன வயதில் அந்த வசனத்தை அப்படித்தான் மனப்பாடம் செய்தேன்.

ஆனால் எபிரேய மூலத்தில் இருக்கும் சொல் ‘ஹூக்’. அதற்கு வட்டம், வளையம் என்று பொருள். 1611-இல் வந்த கிங் ஜேம்ஸ் ஆங்கில வேதாகமமும் ‘பூமியின் வட்டம்’ என்றுதான் சொல்கிறது. பந்துக்கு எபிரேயத்தில் ‘தூர்’ என்று வேறொரு சொல் உண்டு. அதே ஏசாயா 22:18-இல் வருகிறது. 40:22-இல் அது இல்லை.

சரிபார்ப்பது சுலபம். வேதாகமச் சொற்களுக்கு எண் கொடுத்து, அவை வரும் வசனங்களைப் பட்டியலிடும் ஸ்ட்ராங்ஸ் ஒத்துவாக்கியத்தில் எபிரேயச் சொல் எண் 2329-ஐப் பாருங்கள். அதுதான் ‘ஹூக்’. யோபு 22:14, நீதிமொழிகள் 8:27 இரண்டிலும் இதே சொல்தான். ஒன்றில் வானத்தைப் பற்றி, மற்றதில் ஆழத்தின்மேல் வரைந்த வட்டத்தைப் பற்றி.

அப்புறம், ஏசாயா 40:22-ஐ முழுதாக ஒருமுறை வாசியுங்கள். மனிதர்கள் வெட்டுக்கிளிகளைப் போல இருக்கிறார்கள், வானம் கூடாரமாக விரிக்கப்படுகிறது. வெட்டுக்கிளியையும் கூடாரத்தையும் உவமை என்று எடுத்துக்கொள்கிறோம். நடுவில் ‘உருண்டை’யை மட்டும் அளவெடுத்துச் சொன்ன தகவலாகப் பிரிக்க அந்தக் கவிதையில் இடமில்லை.