மது அருந்தியிருக்கிறார், ஆனால் போதையில் இல்லை

குடித்துவிட்டு வண்டி ஓட்டி ஆளைக் கொன்றவனுக்கு என்ன தண்டனை என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், முகநூலில் தூக்குக்குக் கீழே ஒருவரும் இறங்குவதில்லை. 2024 மே மாதம் புனேயில் இரண்டு இளம் பொறியாளர்களை போர்ஷே கார் மோதிக் கொன்றபோதும் அப்படித்தான். ஓட்டியவனுக்குப் பதினேழு வயது. சாலை விபத்துகளைப் பற்றி முந்நூறு சொற்களில் கட்டுரை எழுதச் சொல்லி, சிறார் நீதி வாரியம் சில மணி நேரத்திலேயே ஜாமீனில் விட்டது. நாடே கொதித்தது. நானும் கொதித்தேன். (இந்தப் பதிவே முந்நூறு சொற்களை எப்படியும் தாண்டிவிடும். நான் யாரையும் கொல்லவில்லை.)

ஆனால் அந்த வழக்கில் என் வயிற்றைக் கலக்கிய செய்தி கட்டுரை அல்ல. விபத்து நடந்தது அதிகாலை இரண்டரை மணிவாக்கில். அந்தப் பையனின் ரத்தத்தை எடுத்தது காலை பதினொரு மணிவாக்கில். எடுத்த ரத்தத்தையும் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு, அவனுடைய தாயாரின் ரத்தத்தை மாற்றி வைத்தார்கள் என்பது காவல்துறையின் குற்றச்சாட்டு. அரசு மருத்துவமனை மருத்துவர்களே கைதானார்கள். எத்தனை ஆண்டு கொடுக்கலாம் என்று நாம் இங்கே ஏலம் போட்டுக்கொண்டிருக்கிறோம். அங்கே ஒரு சோதனைக் குழாயோடு வழக்கு முடிந்துவிடுகிறது.

இதை எனக்குப் புனே கற்றுக்கொடுக்கவில்லை. என் சித்தப்பா கற்றுக்கொடுத்துவிட்டுப் போனார்.

பேருந்து நிலையத்தில் வெற்றிலைபாக்குக் கடை வைத்திருந்தார். இரவு பத்து மணிக்குக் கடையைச் சாத்திவிட்டுச் சைக்கிளில் வந்தவரைப் பின்னாலிருந்து ஒரு கார் அடித்தது. ஓட்டியவனை ஊர்க்காரர்களே பிடித்தார்கள். கதவைத் திறந்ததுமே வாடை என்று பிடித்தவர்கள் சொன்னார்கள். காவல் நிலையம் கொண்டுபோனார்கள். பிணவறை ஊழியர் எட்டு மணிக்குத்தான் வருவார் என்பதால், விடியும் வரை அவசரப் பிரிவுக்கு வெளியே பெஞ்சில் நானும் இரண்டு உறவினர்களும் உட்கார்ந்திருந்தோம். நான்கு மணி சுமாருக்கு ஒரு காவலர் அந்த ஆளை அழைத்துக்கொண்டு வந்தார். முகம் கழுவி, தலை வாரியிருந்தான். மருத்துவர் நேர்க்கோட்டில் நடக்கச் சொன்னார், நடந்தான். கண்ணை மூடி மூக்கைத் தொடச் சொன்னார், தொட்டான். பெயர், ஊர், கிழமை எல்லாம் சரியாகச் சொன்னான். ‘ரத்தம் எடுக்கணுமா?’ என்று மருத்துவர் கேட்டார். ‘மெமோவில் அது இல்லை சார்’ என்றார் காவலர். மெமோ என்பது, என்ன பரிசோதிக்க வேண்டும் என்று காவல் நிலையம் மருத்துவருக்கு எழுதித் தரும் சீட்டு.

சான்றிதழ் எழுதப்பட்டது. மது அருந்தியிருக்கிறார், ஆனால் அதன் போதையில் இல்லை. நீதிமன்றப் பக்கம் போய்வந்தவர்களுக்கு இந்த வாக்கியம் மனப்பாடம். எனக்கு அன்றுதான் அறிமுகம்.

கணக்கு எளிது. ரத்தத்தில் ஏறிய மது மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம் வீதம் இறங்கும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆவது பிரிவு வைத்திருக்கும் வரம்பு 100 மில்லிலிட்டருக்கு 30 மில்லிகிராம். இடிக்கும்போது 110 இருந்தவனை ஐந்தரை மணி நேரம் பெஞ்சில் உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தால் அவன் சட்டப்படி நல்லவன். லஞ்சம்கூட வேண்டாம், சோம்பல் போதும். கைதான இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனை என்று அதே சட்டத்தின் 202ஆவது பிரிவு சொல்கிறது. அன்று அந்த அவசரம் யாருக்கும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

ரத்தத்தில் எவ்வளவு மது என்ற எண் கையில் இருந்தால் வழக்கு எப்படி மாறும் என்பதற்கு மும்பையே சாட்சி. 2006 நவம்பரில் பாந்த்ரா கார்ட்டர் ரோட்டில், நடைபாதையில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள்மேல் ஒரு கார் ஏறி ஏழு பேர் செத்தார்கள். ஓட்டியவனின் ரத்தத்தில் 0.112 சதவீதம் மது, அதாவது வரம்பைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு. விசாரணை நீதிமன்றம் அதைக் கவனக்குறைவு என்று சொல்லி ஆறு மாதம் கொடுத்தது. உயர் நீதிமன்றம், மரணம் விளையும் என்று தெரிந்தே செய்த குற்றம் என்று இந்திய தண்டனைச் சட்டத்தின் 304 பகுதி இரண்டுக்கு மாற்றி மூன்று ஆண்டு ஆக்கியது. 2012இல் உச்ச நீதிமன்றம், மூன்று ஆண்டும் மிகக் குறைவுதான், ஆனால் தண்டனையைக் கூட்டச் சொல்லி அரசு மேல்முறையீடு செய்யவில்லையே என்று எழுதிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டது. ஏழு உயிர் போன வழக்கில் அரசுக்கு மேல்முறையீடு செய்யத் தோன்றவில்லை!

அதே ஆண்டு தில்லி பிஎம்டபிள்யூ வழக்கும் முடிந்தது. 1999 ஜனவரியில் மூன்று காவலர்கள் உட்பட ஆறு பேரைக் கொன்ற கார். ஓட்டியது முன்னாள் கடற்படைத் தளபதியின் பேரன். விசாரணை நீதிமன்றத்தில் ஐந்து ஆண்டு, உயர் நீதிமன்றத்தில் இரண்டு ஆண்டு. உச்ச நீதிமன்றத்தில் குற்றம் மறுபடி பெரிதானது, தண்டனை மட்டும் பெரிதாகவில்லை. சிறையில் இருந்த காலம் போதும், ஐம்பது லட்சம் கட்டு, இரண்டு ஆண்டு சமூக சேவை செய் என்றார்கள். ஐம்பது லட்சத்தை அபராதமாக நினைக்கிற வீடும் இருக்கிறது, அன்றைய செலவுக் கணக்கில் எழுதுகிற வீடும் இருக்கிறது.

இப்போது இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. கவனக்குறைவால் உயிர் போனால் பழைய 304ஏ-வில் அதிகபட்சம் இரண்டு ஆண்டு. புதிய 106(1)இல் ஐந்து. சொல்லாமல் ஓடிவிட்டால் பத்து ஆண்டு என்ற 106(2)ஐ, லாரி ஓட்டுநர்கள் 2024 ஜனவரியில் வேலைநிறுத்தம் செய்ததால் நடைமுறைக்குக் கொண்டுவராமல் நிறுத்திவைத்தார்கள். நின்றால் கூட்டம் அடித்தே கொன்றுவிடும் என்று அவர்கள் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. என்னைக் கேட்டால், இரண்டு ஐந்தானதில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி எதுவும் இல்லை. சித்தப்பா வழக்கில் அந்த இரண்டே முழுதாகக் கிடைக்கவில்லை. இல்லாத எண்ணை வைத்துக்கொண்டு ஐந்து கொடுப்பாரா நீதிபதி?

எனக்கு வேண்டியது ஒன்றுதான். உயிர் போன எந்த விபத்திலும், மெமோவில் இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல், இரண்டு மணி நேரத்துக்குள் ஓட்டியவனின் ரத்தத்தை எடுத்து முத்திரை வைத்தாக வேண்டும். எடுக்கவில்லை என்றால் எடுக்காதவர் கூண்டில் ஏறிக் காரணம் சொல்ல வேண்டும். தூக்குக் கேட்பதைவிட இது கடினமான கோரிக்கை. ஏனென்றால் இதற்குப் போர்ஷே தேவையில்லை. பழைய மாருதியில் வந்தவனுக்கும், மொபெட்டில் வந்தவனுக்கும் இதே ஊசிதான். அவர்களுக்காக யாரும் மெழுகுவத்தி ஏற்றுவதில்லை.

அரசையும் சும்மா விட முடியாது. 2003இலிருந்து தமிழ்நாட்டில் மதுவைச் சில்லறையில் விற்பது டாஸ்மாக், அதாவது அரசு. நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பரில் சொன்ன தீர்ப்பு, தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கில் வந்ததுதான். அடுத்த ஆண்டே நகர எல்லைக்குள் விலக்கு வந்துவிட்டது. எங்கள் ஊர் பார் வாசலில் இரவு ஒன்பது மணிக்கு முப்பது நாற்பது இருசக்கர வாகனங்கள் நிற்கும். உள்ளே இருப்பவர்கள் அவற்றைத் தள்ளிக்கொண்டா வீட்டுக்குப் போவார்கள்? ஊதச் சொல்லும் காவலர்களை மேம்பாலத்துக்கு அடியில் பார்த்திருக்கிறேன். பார் வாசலில் ஒரு நாளும் பார்த்ததில்லை.

வழக்கு நான்கு ஆண்டு நடந்தது. மருத்துவர் சாட்சி சொன்ன அன்று சித்தியை அழைத்துப் போயிருந்தேன். ‘நேராக நடந்தாரா?’ ‘நடந்தார்.’ ‘தெளிவாகப் பேசினாரா?’ ‘பேசினார்.’ ‘அப்படியானால் போதையில் இல்லை?’ ‘இல்லை.’ ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. கவனக்குறைவுக்கு ஆறு மாதம் தீர்ப்பானது, அதுவும் மேல்முறையீட்டில் கிடக்கிறது. வெளியே வந்ததும் சித்தி கேட்டார், “காலையில நாலு மணிக்குத் தெளிவா இருந்தானாம். பத்து மணிக்கு எப்படி இருந்தான்னு யாருமே கேக்கலையே தம்பி?”

இவ்வளவு பேசுகிற நான் ஒன்றை மறைக்கக் கூடாது. சித்தப்பா போன மூன்றாம் ஆண்டு, ஒரு நண்பன் வீட்டுத் திருமண வரவேற்பு. முடியும்போது மணி பதினொன்றரை, கடைசிப் பஸ் போய்விட்டது. ‘வா, நான் விடுகிறேன்’ என்றான் ஒருவன். அவன் எவ்வளவு குடித்தான் என்று எனக்குத் தெரியும், எதிரே உட்கார்ந்துதானே சாப்பிட்டேன். ஏறிக்கொண்டேன். சித்தப்பா விழுந்த வளைவைத் தாண்டித்தான் எங்கள் தெரு. அந்த இடத்தில் அவன் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன், எதுவும் சொல்லவில்லை. வீட்டு வாசலில் இறங்கிய பிறகு, “பார்த்துப் போடா” என்றேன். கையை ஆட்டிவிட்டு வந்த வழியே திரும்பிப் போனான்.